மறைத்துக் கொடுத்த மாத்திரை

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் மகள் வயிற்றுப் பேத்தி. அவளை வளர்க்க எங்களுக்குத் தகுதி உண்டா என்று ஐந்து பேர் மேசை போட்டு விசாரித்தார்கள். அதைத்தான் எழுதுகிறேன். மதுரைப் பரவை மார்க்கெட்டில் நாற்பது வருடம் காய்கறி விற்றவள் நான். சாக்கு மூட்டைகளில் இருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்துப் பார்த்துப் படித்த எழுத்து இது. மெதுவாகத்தான் வரும். என் மகளுக்கு வந்த நோய் உங்கள் வீட்டிலும் இருந்தால் நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

என் மகள் முத்துலெட்சுமியின் கணவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் ஆக்கிக்கொண்டான். முத்துவும் அவள் மகள் தர்ஷினியும் என்னோடு வந்துவிட்டார்கள். தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் கடையில் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்த முத்து தலையைத் தூக்கினாள்.

"ஏம்மா, ஏலம் விடுற அண்ணே எதுக்கு எம்பேரச் சொல்லிக் கூவுறாரு?"

அவர் தக்காளியைத்தான் கூவிக்கொண்டிருந்தார். "ஒன்னைய யாருடி ஏலத்துல எடுப்பா" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நோய் முதன்முதலாக வாசலில் வந்து நின்றது அன்றுதான். நான் அதைக் கேலி பேசி உள்ளே விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், மருமகளின் பிரசவத்துக்காக அவனியாபுரத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாள். அந்த மூன்று நாளில் முத்து வீட்டை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டாள். யாரோ சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று பயம். தானும் சாப்பிடவில்லை, பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுச் சரசுதான் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு, குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது மகள் ஆஸ்பத்திரியில், பேத்தி குழந்தைகள் இல்லத்தில், வீட்டில் பூட்டு.

டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். மனச்சிதைவு (இல்லாத குரல் காதில் கேட்பது, நடக்காதது நடப்பதாக நம்புவது). "ஒங்க வளர்ப்புல தப்பில்ல, செய்வினையும் இல்ல. சுகர், பிரஷர் மாதிரி மாத்திரையில கட்டுக்குள்ள வரும்" என்றார்.

இருபது நாளில் முத்துவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மாத்திரை என்றாலே அவளுக்கு வெறுப்பு. "எனக்கு ஒண்ணுமில்ல, நீயே போட்டுக்க" என்று என் முன்னாலேயே துப்பினாள். அவளுக்குப் புரிய வைத்து, அவளே போடும்படி பழக்கச் சொன்னார் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை அம்மிக்கல்லில் வைத்து நுணுக்கினேன். புளிக்குழம்பில் கலந்தால் கசப்பு தெரியாது. தினமும் ராத்திரிச் சோற்றோடு அது அவள் வயிற்றுக்குப் போனது. கூவுகிற குரல் நின்றது. தூக்கம் வந்தது. எனக்கு அப்போது பெருமைதான்.

பேத்தி வீடு திரும்புவதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்ய வேண்டும் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிற குழு). ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பரங்குன்றம் பக்கம் இருந்த அந்த இல்லத்துக்கு முத்துவும் நானும் பஸ் ஏறினோம். குழு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆலோசகரை அனுப்பியது. ஜெயந்தி என்று பெயர். நோய் உள்ள வீட்டில் எப்படிப் பேசுவது, பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குடும்பத்துக்குச் சொல்லித் தருகிற வேலை. வியாழக்கிழமை தோறும் ஸ்கூட்டியில் வரும். என் மூன்றாவது மகளைவிடச் சின்னது.

முதல் நாளே கேட்டேன். "கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"புள்ள பெத்ததில்ல, வளத்ததில்ல. நீ எனக்குச் சொல்லித் தாரியாக்கும்?"

"நீங்க ஆறு பேர வளத்துருக்கீங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று நோட்டைத் திறந்தது. காப்பி போட எழுந்து போனேன்.

அந்தப் பெண் முத்துவிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்வேன். "மாத்திரை போடுறீங்களா அக்கா?" என்று அவளிடம் கேட்டால், "அதெல்லாம் சரியா உள்ள போகுது" என்பேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் முத்து என்னை ஒரு மாதிரி பார்ப்பாள். அவளைப் பொறுத்தவரை அவள் ஒரு மாத்திரையும் போடவில்லை. அம்மா தனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்துச் சும்மா இருந்தாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. எங்கள் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். பிள்ளை வீடு திரும்ப வேண்டும் என்று முத்து பால்குடம் நேர்ந்துகொண்டாள். பதினைந்து நாள் விரதம். காப்புக் கட்டியவள் அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது. புதுப் பானை வாங்கித் தானே ஒரு வேளை பொங்கிக்கொண்டாள். அந்தப் பானையில் நான் எப்படிக் கை வைப்பேன்? சாமி சோற்றில் மருந்தைக் கலப்பது தீட்டு என்றுதான் எனக்குத் தோன்றியது. பதினைந்து நாளும் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். மாத்திரை அட்டை அரிசி டப்பாவுக்குள் அப்படியே கிடந்தது.

அம்மா பால்குடம் எடுப்பதைப் பார்க்கட்டும் என்று குழு தர்ஷினியை இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஊர்வலம் பாதி வழி வந்திருக்கும். முத்து நின்றுவிட்டாள். தலையில் குடம். கண் ஒரே இடத்தில் குத்தி நின்றது. உதடு முணுமுணுத்தது. "சாமி வந்துருச்சு" என்று யாரோ சொன்னார்கள். கொட்டுக்காரர்கள் அடியை ஏற்றினார்கள். ஒரு பெண் காலில் விழுந்து, "ஆத்தா, எம்மகனுக்கு எப்ப வேல கிடைக்கும்?" என்று கேட்டாள்.

தர்ஷினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாச்சி, இது சாமி இல்ல. அன்னைக்குக் கதவப் பூட்டுனப்பயும் அம்மா இப்படித்தான் பார்த்துச்சு."

ஊரே பார்க்கிறது. சாமி என்று விட்டால் மரியாதை. நோய் என்று சொன்னால் நாளைக்குக் குழுவின் காதுக்குப் போகும், பேத்தி கையை விட்டுப் போவாள். எல்லாம் ஒரு நொடியில் தெரிந்தது. ஆனால் அந்தக் கண்ணைப் பெற்றவள் நான். குடத்தை இறக்கினேன்.

"வழி விடுங்க. இது ஆத்தா இல்ல, எம்மக. மேலுக்கு முடியல."

"சாமி குத்தம் ஆயிரும் பெரியாத்தா" என்றான் கொட்டு அடித்தவன்.

"குத்தம் ஆனா எந்தலையில ஆகட்டும். நீ ஆட்டோவக் கூப்பிடு."

ஆட்டோவிலிருந்தே ஜெயந்திக்குப் போன் போட்டேன். மறைத்துக் கொடுத்ததை எல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னது அன்றுதான். அது என்னைத் திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மொதல்ல டாக்டர்ட்ட இதையே சொல்லுங்க. அக்காவுக்குத் தெளிஞ்சதும் அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றது.

சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், பன்னிரண்டு நாள் கழித்து.

"எம்புட்டு நாளாம்மா?" என்று கேட்டாள் முத்து.

"நாலு மாசத்துக்கு மேல."

"நானாத்தான் நல்லாயிட்டேன்னு நெனச்சேனேம்மா. அது பூராம் நீ போட்ட மாத்திரையா?"

சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பதுதானே அவளுக்கு நோய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நோயின் பொய்யை நான் என் கையால் உண்மை ஆக்கிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். முத்து ஆறு மாதம் என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவளே பொங்கினாள். அவளே சோறு போட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு நாள் டாக்டரம்மா முன்னால், "மாத்திரைய எனக்குத் தெரிஞ்சு குடுங்க, நான் போட்டுக்கிறேன்" என்று கையை நீட்டினாள்.

ஆவணியில் குழு எங்களைக் கூப்பிட்டது. நடுவில் இருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "மருந்த மறைச்சுக் குடுத்துருக்கீங்க. மறுபடியும் நோய் வந்துருக்கு. இந்த வீட்டுக்குப் புள்ளைய எப்படி அனுப்புறது?"

எழுந்து நின்றேன். "மறைச்சது நான், அவ இல்ல. எம்பேர எழுதுங்க. தப்புன்னு எழுதுங்க. ஆனா சாமின்னு ஊரே கும்புட்டப்ப, நோயின்னு சொல்லி இறக்குனதும் நான்தான். அதையும் எழுதுங்க. சுகர் உள்ளவ புள்ளைய நீங்க எடுத்து வைக்கிறீங்களா? எம்மகளுக்கும் ஒரு சீக்கு. அம்புட்டுத்தான்."

அவர் முத்துவிடம், "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். பழக்கத்தில் என் வாய் திறந்தது. பக்கத்தில் இருந்த ஜெயந்தி என்னைப் பார்த்தது. மூடிக்கொண்டேன்.

முத்துவே பதில் சொன்னாள்.

"போடுறேன் சார். போடலன்னா எனக்கே மொதல்ல தெரியிற மாதிரி ரெண்டு மூணு அடையாளம் எழுதி வச்சிருக்கேன். தூக்கம் கொறையும். எம்பேரு கேக்கும். அப்பிடி ஆனா புள்ளைய அண்ணே வீட்டுல விட்டுட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன். எங்கம்மாவுக்கும் அது தெரியும்."

குழுவின் உத்தரவோடு கார்த்திகையில் தர்ஷினி வீட்டுக்கு வந்தாள். ஜெயந்தி இன்னும் ஒரு வருடம் வந்துபோனது. கடைசி வியாழக்கிழமை, எனக்கு அந்த முதல் நாள் கேள்வி ஞாபகம் வந்து, "பெறாட்டியும் நல்லாத்தான் சொல்லித் தந்த" என்றேன். சிரித்தது. அன்றைக்குப் போன் போட்டதற்காகச் சரசுவோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது கடையில் நல்ல கீரை வந்தால் முதல் கட்டு அவளுக்கு.

மாத்திரை அட்டை வாசலுக்கு நேரே, காலண்டர் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்க்கட்டும். "இது என்னா மாத்திரை?" என்று கேட்டால் நோயின் பெயரைச் சொல்கிறேன். இப்போதெல்லாம் எனக்குக் கிழமையும் அமாவாசையும் பெரிதில்லை, அந்த அட்டையில் காலியான குழிகள்தான் நாள். அம்மிக்கல்லில் மிளகு நுணுக்கும்போது மட்டும் என் வலது மணிக்கட்டு தானாக நின்றுவிடும். வலி இல்லை. அது எதையோ நினைத்துக்கொள்கிறது. முத்து இப்போது நான் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறாள். வாயில் வைப்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்பாள். பார்க்கட்டும். பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறாளே.

எழுதி முடித்துவிட்டேன். தர்ஷினி, பள்ளிக்கூடப் பையை அங்கே வை. இதை முதலில் இருந்து சத்தமாக வாசி. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள், அவளுக்குக் கேட்கிற மாதிரி வாசி. எங்கேயாவது நான் மறைத்திருந்தால் அவள் சொல்லட்டும்.