மேல் என்றால் மேற்கு

அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. நான் வெட்கப்பட வேண்டியது வேறொன்று.

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிய காலம். எங்கள் நிலத்தில் முக்கால்வாசி ஒரு சாயப்பொடி கம்பெனிக்குப் போனது. மிஞ்சியது ஏரியோரத்துத் துண்டு நிலமும் அதற்குத் தண்ணீர் கொடுத்த கிணறும். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. அண்ணன் அதற்குள் பெங்களூருக்குப் போய்விட்டதால் அந்த வேலை எனக்கு வந்தது. தெலுங்கு மீடியத்தில் இன்டர் வரை, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் நான்.

சுற்றுச்சூழல் பிரிவில் போட்டார்கள். பெயர்தான் பெரிசு. கம்பெனியால் காற்றும் தண்ணீரும் கெடுகிறதா என்று பார்க்கச் சில இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை அங்கெல்லாம் போய் தூசி பிடிக்கும் காகிதத்தை மாற்ற வேண்டும், கிணற்றில் டேப் விட்டு நீர்மட்டம் பார்க்க வேண்டும், பாட்டிலில் தண்ணீர் மொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். இடங்களுக்கு நான் வைத்ததுதான் பெயர்: கேட்டு வேம்பு, கேன்டீன் பின்புறம், கீழக் கிணறு, மேலக் கிணறு. மேலக் கிணறு எங்களுடையது. ஆறு வருஷம் வெயிலில் அப்படி அலைந்தேன்.

நோட்டுக்குப் பதிலாக சாப்ட்வேர் வரப்போகிறது என்று காதில் விழுந்ததும், வேலை முடிந்து டைப்பிங் கற்றுக்கொள்ளப் போனேன். மூன்று மாதம். மூன்றாம் மாதக் கடைசியில் சாப்ட்வேரும் வந்தது, அதை நடத்தத் திருப்பதியிலிருந்து ஒருத்தியும் வந்தாள்.

அவளுக்கு என் வயசுதான். நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது திருமலை அடிவாரத்தில், அலிபிரிக்குக் கிட்டே. எம்.எஸ்ஸி. முதல் நாளே திருமலை லட்டு கொண்டுவந்து எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தாள். மேனேஜர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். லட்டு நன்றாகத்தான் இருந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் 'மேடம்காரு'. நான் ஆறு வருஷமாக 'ஏம்மா'.

எதைப் பார்த்தாலும் வயிறு எரிந்தது. அவள் கிளிப், அவள் குடை, தெலுங்கிலிருந்து இங்கிலீஷுக்கு அவள் தாவுகிற வேகம். என்னை 'அக்கா' என்று கூப்பிட்டாள். ஒரே வயசுக்காரியை அக்கா என்பது மரியாதையா கிண்டலா என்று வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

இரண்டு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு இடங்களைக் காட்டினேன். கிணறுகள் கம்பெனி காம்பவுண்டுக்கு வெளியே, முள்புதருக்கு நடுவில். அவள் கையிலிருந்த கருவி அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைச் சொல்லும், அவள் குறித்துக்கொள்வாள். குடையை நான் பிடித்தேன்.

ஆபீசுக்குத் திரும்பி ஒவ்வொரு இடமாக ஏற்றினாள். பெயர், எண், எந்த நாளில் பார்ப்பது. கிணறு என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: இது கம்பெனிக்கு மேட்டிலா, பள்ளத்திலா? மண்ணுக்குள்ளும் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடுகிறது. மேட்டுக் கிணற்றில் இருப்பது கம்பெனியைத் தொடாத தண்ணீர். பள்ளத்துக் கிணற்றில் இருப்பது கம்பெனிக்கு அடியில் புகுந்து வருவது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கம்பெனி என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

என் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, மேலக் கெணறுன்னா மேட்ல இருக்கறது தானே? கீழக் கெணறு பள்ளம்?"

எங்கள் பக்கத்தில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல ஊர்களில் மேற்கே மேடும் கிழக்கே பள்ளமுமாக இருப்பதால் அவள் சொன்னது சரியாக வந்துவிடும். எங்கள் ஊரில் குன்று கிழக்கே, ஏரி மேற்கே. மேலக் கிணறுதான் பள்ளத்தில் இருக்கிறது.

"நீ படிச்சவ, உனுக்குத் தெரியாததா," என்றேன்.

ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு தடவை மவுஸைத் தட்டினாள், முடிந்தது.

நாலு நாளில் யாராவது கண்டுபிடிப்பார்கள், அவள் மூக்கு உடைபடும், நாற்காலி காலியாகும் என்று காத்திருந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கிணற்றுப் பக்கம் போகிறவள் நான் ஒருத்திதானே. திரையில் கலர் கலராகக் கோடு வந்தது. மேனேஜர் பார்த்து "பாகுந்தி, சால பாகுந்தி" என்று மெச்சினார். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மாதாமாதம் ரிப்போர்ட் போனது.

அடுத்த கோடையில் அப்பா, எங்கள் நைனா, சோற்றில் கை வைத்தபடி சொன்னார், "கெணத்துத் தண்ணி கைக்குதுமா. மாடு மூஞ்சத் திருப்பிக்கினு போவுது." நாற்று மஞ்சளாகிவிட்டிருந்தது.

ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் கம்பெனிக்கு வந்தார்கள், நைனாவும். நான் அந்த அறையில்தான் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். உங்கள் கிணறு எங்களுக்கு மேட்டில் இருக்கிறது, தண்ணீர் உங்களிடமிருந்துதான் எங்களுக்கு வருகிறது, தண்ணீரைக் கைக்க வைக்கும் உப்பு நீங்கள் போடும் யூரியாவிலிருந்து வந்தது என்று தெலுங்கில் விளக்கினார். அவர் பொய் சொல்லவில்லை. திரையில் அப்படித்தான் இருந்தது.

மற்றவர்கள் கத்தினார்கள். நைனா கத்தவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம கெணறு எப்பமா மேட்டுக்குப் போச்சி? நீதான இங்க எழுதிக்கினு கீற."

நான் குனிந்து அடுத்த பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டினேன். அவர்கள் போய்விட்டார்கள்.

மேனேஜர் சாப்பிடப் போன பிறகு அவளிடம் போனேன். "மேலன்னா மேட்ல இல்ல. மேற்கு. ரெண்டு கெணறும் மாறிக் கீது."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் உங்களைக் கேட்டேனே அக்கா. ஏன் சொல்லல?"

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன். அவளும் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு திரைப் பக்கம் திரும்பி மேலக் கிணற்றைத் திறந்தாள்.

ஒரு தடவை ஏற்றியதை மாற்ற வேண்டுமென்றால் அந்த சாப்ட்வேர் காரணம் கேட்கும். அதற்கென்று ஒரு கட்டம், கீழே மாற்றுகிறவர் பெயர். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் பெயரை எழுதப்போகிறாள், எழுதட்டும் என்றிருந்தது. அவள் இங்கிலீஷில் தட்டினாள், நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'உள்ளூர்ச் சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டேன், நிலத்தின் சரிவை நான் சரிபார்க்கவில்லை.' அவ்வளவுதான். தன் பெயரைப் போட்டு மூடினாள். அறிக்கை வாங்குகிற அலுவலகத்துக்கும் அதையே கடிதமாக எழுதி, மேனேஜர் திரும்பி வருவதற்குள் அனுப்பிவிட்டாள்.

அங்கிருந்து ஆள் வந்து பார்த்த பிறகு, கம்பெனியின் கழிவுநீர்க் குட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரித்தார்கள். கிணறு தெளிய இரண்டு மழைக்காலம் ஆனது. மேனேஜர் அவளை மேடம்காரு என்று கூப்பிடுவதை நிறுத்தினார், சில மாதத்தில் வேறு ஊர் யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள், எனக்கும்தான். அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை.

நாற்காலி எனக்கு வந்தது. பல வருஷம் அதில் உட்கார்ந்தேன். திரையில் மேலக் கிணற்றைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரி வரும், கீழே அவள் பெயர். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அவள்மேல் வயிறு எரிகிறது.