பாயா என்று கேட்ட காது

லில்லி போய்விட்டாள் என்று அவள் மகள் போனில் சொன்னபோது நான் கூலாயில் என் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "காலையில எழுப்பப் போனேன், பெரியம்மா. எழுந்திரிக்கல" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அந்தப் பயத்தை அவளைத் தெரிந்த உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அவளுக்குப் பறவைப் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். தெப்ராவ் தொழிற்சாலையில் வருடக்கணக்காக இயந்திரச் சத்தம் கேட்டுக் காது மந்தம். "காது போனா என்ன அக்கா, பறவை கண்ணுக்குத்தானே" என்பாள்.

போன வெயில் காலத்தில் மகள் எங்களைக் காரில் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். சேற்றோரம் கொக்குகள் மேய்ந்தன. நான் ஏதோ கேட்டேன். "அக்கா, நீங்க வாயைத் தொறந்தா கொக்கெல்லாம் சிங்கப்பூர் போயிடும்லா. மூடிக்கிட்டு வாங்க" என்றாள் லில்லி. மகளும் சிரித்தாள். இனி இவளிடம் ஒரு சொல் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான்.

மதியம் சதுப்புநிலக் காப்பகம். மகள் காரிலேயே இருந்துவிட்டாள். பலகை நடைபாதை முடியும் இடத்துக்கு அப்பால் மொட்டைத்தலை நாரை ஒன்று நின்றது. "அங்க பாருங்க, உங்க வீட்டுக்காரர் நிக்கிறாரு" என்றாள் லில்லி. நான் சிரிக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

படகில் போன மலாய்க்காரர், "மக்சிக், புவாயா, புவாயா" என்று கத்தினார்.

"பாயாதான், தெரியுதுலா. கால் புதையுதே" என்றாள் இவள், திரும்பாமலே. மலாயில் மக்சிக் என்றால் அத்தை, பாயா என்றால் சதுப்பு. அவர் சொன்னது புவாயா, முதலை.

எனக்குச் சரியாகவே கேட்டது. அவளுக்குப் பத்தடி தள்ளி ஒரு கட்டை நகர்வதும் தெரிந்தது. மூடிக்கொண்டு வரச் சொன்னாயே, இதோ மூடிக்கொண்டேன் என்று நின்றேன். அவள் இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். கட்டைக்குக் கண் இருப்பதைப் பார்த்த பிறகுதான், "லில்லி, முதலை!" என்று அலறினேன். நாரை எழுந்து பறந்தது. எப்படிப் பலகையில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

காரில் என் கையை அவள் விடவே இல்லை. "அக்கா, நீங்க கத்தலன்னா நான் இல்ல" என்றாள். உண்மை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கையை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

அடக்கத்தன்று மகள் என்னை எல்லோருக்கும் காட்டி, "அம்மா உயிரக் காப்பாத்தினவங்க" என்றாள். நான் தலையாட்டினேன். லில்லி எனக்கு விட்டுப்போனது அந்த நன்றி ஒன்றுதான். அது எனக்குச் சேராதது. திருப்பிக் கொடுக்க அவளும் இல்லை; போனில் கேட்டதும் பயந்தது அதற்குத்தான். நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.