தபசு மரம் ஏறிய எங்கள் அக்கா

பெரியோர்களுக்கும் உறவினர்களுக்கும் அக்காவோடு ஆடிய கூத்துக் குழுவினருக்கும் தங்கையின் வணக்கம்.

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் கண்ணீரோடு எழுத வேண்டும் என்று அச்சகத்து அண்ணன் சொன்னார். மாதிரிக்கு இரண்டு மலர்களையும் கையில் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்து படித்துப் பார்த்தேன். இரண்டிலும் "அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர்" என்று இருந்தது. எங்கள் அக்கா அதிர்ந்து பேசாத நாளே கிடையாது. கெலமங்கலம் சந்தையில் அவர் தக்காளி விலை கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கும் விலை தெரிந்துவிடும். ஆகவே மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். அழ வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். இதை எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பும் பெருமையும்தான் முந்திக்கொண்டு வருகின்றன.

அக்கா அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்தில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அப்பா புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து விற்பவர். கூலி ஆள் வைத்தால் கட்டாது என்று மரம் ஏறும் வேலையை அக்காவிடம் விட்டுவிட்டார். பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு அக்கா உச்சிக் கிளை வரைக்கும் போய் உலுக்குவார். கீழே அம்மாவும் நானும் பொறுக்குவோம். "பொட்டப் புள்ள இப்பிடி மரம் ஏறினா எவன் கட்டிக்குவான்?" என்று வழியில் போகிறவர்கள் கேட்பார்கள். அக்கா மேலேயிருந்தே பதில் கொடுப்பார். "புளி வேணும்னா வாங்கிக்கினு போங்க. மாப்பிள்ளய நாங்க பாத்துக்கறோம்."

மாப்பிள்ளை கெலமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் அமைந்தார். அவர் பெயர் இந்த மலரில் வேண்டாம்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் குழந்தை இல்லை. இனி நான் சொல்லப் போவது, பெங்களூரிலும் சென்னையிலும் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக. மற்றவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு பெரிய நாள். உயரமான பனைமரத்தை நட்டு, அதில் படிகள் அடித்து, உச்சியில் சின்னப் பரண் கட்டுவார்கள். அதுதான் தபசு மரம். கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர், சிவனிடம் அஸ்திரம் வாங்குவதற்காகப் படிக்கொரு பாட்டுப் பாடிக்கொண்டே அதில் ஏறுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றித் தரையில் விழுந்து கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழம் யார் முந்தானையில் விழுகிறதோ அவர்களுக்குக் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை.

அக்காவும் வருடா வருடம் போய்ப் படுத்தார். பழமும் விழுந்தது. குழந்தை பிறக்கவில்லை. மாப்பிள்ளை முனியம்மா என்ற பெண்ணை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்து, அக்காவைப் பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னார். அக்கா துணிமணிகளை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பிடித்துக் குடிபோனார். ஊரை விட்டே வந்துவிடு, மத்திகிரியில் எங்களோடு இரு என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். "ஊரு என்ன அவரு அப்பன் வாங்கிப் போட்டதா? நான் எதுக்குப் போவணும்?" என்று என்னிடமே பாய்ந்தார். பக்கத்திலிருந்த ரோஜாப் பண்ணையில் பூத்தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

கூத்துக்குள் அவர் வந்ததும் இப்படி ஒரு பாய்ச்சலில்தான். கோயில் முன்னால் பகலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பின்பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிப் பாட்டு பாதியில் நின்றது. பண்ணையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்துகொண்டிருந்த அக்கா, ரோட்டில் நின்றபடியே விட்ட அடியிலிருந்து பிடித்துப் பாடிவிட்டார். சின்ன வயதிலிருந்து கூத்துப் பார்த்துப் பார்த்து அத்தனை பாட்டும் அவருக்கு மனப்பாடம். மத்தளம் வாசித்துக்கொண்டிருந்த குழுவின் வாத்தியார் கையை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும், "தூக்க அங்க வெச்சிட்டு இங்க வந்து பாடும்மா" என்றார். அவ்வளவுதான். முதலில் பின்பாட்டு, இரண்டு வருடம் கழித்துத் திரௌபதி வேடம். அதற்கே ஊரில் ஆயிரம் பேச்சு. அதுவரை திரௌபதி வேடம் கட்டியவர்களெல்லாம் மீசையை மழித்துக்கொண்ட ஆண்கள். அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஒரு பெண் பெண்ணாக வேடம் கட்டியதும் விசித்திரமாகிவிட்டது. என்ன உலகமோ.

இப்போது, நம்மில் பலருக்கும் தெரிந்த அந்தக் கோழிக்கு வருகிறேன்.

அந்த வருடம் அர்ச்சுனன் வேடம் சின்னராசு என்ற தம்பிக்கு. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பாரதம் தொடங்கிய அன்றே வேடம் கட்டுகிற எல்லோருக்கும் கையில் மஞ்சள் கங்கணம் கட்டிவிடுவார்கள். திருவிழா முடிகிறவரை சுத்த விரதம். தம்பியும் ஒழுங்காகத்தான் இருந்தான். தபசுக்கு முந்தின நாள் அவனுக்குக் காலை ஷிஃப்ட், கேண்டீனில் கோழி போடும் நாள். பழக்க தோஷத்தில் தட்டை நீட்டிவிட்டான். கங்கணம் கட்டிய கையில் கோழிக்காலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தபோது எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் அக்கா ஊர்க்காரர். மதியத்துக்குள் ஊரே அறிந்துவிட்டது. விரதம் முறிந்தவன் மரம் ஏற முடியாது. மறுநாள் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். அர்ச்சுனன் இல்லை. அந்தக் கோழிக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. திருவிழாவுக்காக வந்திருந்த நானும் அங்கே நின்றேன். வேறு யாருக்கு முழுப் பாட்டும் தெரியும், யார் விரதம் சுத்தமாக இருக்கிறது என்று பேச்சு வந்தபோது அக்கா எழுந்தார்.

"எனக்குத் தெரியும். கங்கணமும் கையில இருக்குது. நான் ஏறறன்."

தர்மகர்த்தா சிரித்துவிட்டார். "ஏம்மா, காலங்காலமா ஆம்பள ஏறுற மரம். பொம்பள எப்பிடி ஏறுவ?"

"காலாலதான்ணா. அந்த அர்ச்சுனரே ஒரு வருசம் பொம்பள வேசத்துல இருந்தவரு. நான் ஒரு பொழுது அவரு வேசத்துல இருந்தா கோச்சிக்கவா போறாரு?"

கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "புள்ள பெறாதவ போடற பழத்த எவ வாங்குவா?" சிரிப்பு நின்றது. பேச்சுக்குப் பேச்சு கொடுக்கும் அக்கா கங்கணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தர்மகர்த்தா சமாதானமாக, அம்மனிடம் பூ கேட்டுப் பார்க்கலாம், வலப்பக்கம் பூ விழுந்தால் ஏறட்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா ஆட்டவில்லை.

"இதுவரைக்கும் ஏறின ஆம்பளைங்களுக்குப் பூ கேட்டீங்களாண்ணா?"

"அவங்களுக்கு எதுக்கு?"

"அப்ப எனக்கும் எதுக்கு?"

வாத்தியார் அக்கா பக்கம் பேசினார். வேறு வழியும் இல்லை. கடைசியில் தர்மகர்த்தா ஒரு நிபந்தனை வைத்தார். "சரி, வேசம் கட்டு. மரத்த மூணு சுத்து சுத்து. அதுக்குள்ள வரம் கேக்க ஒருத்தியாச்சும் வந்து படுத்தா மேல ஏறு. ஒருத்தியும் படுக்கலன்னா வேசத்தக் கலச்சிடு. அப்பறம் இந்தக் கோயில்ல நீ எந்த வேசமும் கட்டக் கூடாது." அக்கா சரி என்றார். போட்டிருந்த திரௌபதி வேடத்தையும் சேர்த்துப் பந்தயம் வைத்துவிட்டாரே.

மறுநாள் மதியத்துக்கு மேல் மைதானத்தில் எள் போட இடமில்லை. ஆனேக்கல், அத்திப்பள்ளி பக்கமிருந்தெல்லாம் வண்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா கிரீடம், புஜக்கட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காவி வேட்டியும் ருத்திராட்சமும் சடைமுடியுமாக வந்தார். முதல் சுற்று. ஈரச் சேலையோடு பெண்கள் ஓரமாக நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை. மாமியார்கள் கையைப் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டாவது சுற்று. நானே போய்ப் படுத்துவிடலாமா என்று துடித்தேன். எனக்கு இரண்டு பையன்கள். பொய்க்குப் படுத்தால் அக்காவே எழுப்பி விரட்டியிருப்பார். மூன்றாவது சுற்றில் அக்காவின் குரல் இறங்கியது எனக்குத் தெரிந்தது. வாத்தியார் மத்தளத்தை மெதுவாக்கி அந்தச் சுற்றை இழுத்துப் பார்த்தார்.

அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "எங்கடி போற?" என்று பின்னாலிருந்து ஓர் ஆணின் அதட்டல். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வந்தவர் முனியம்மா. அக்கா இருந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்த அதே முனியம்மா. அவருக்கும் அதுவரை குழந்தை இல்லை. நேராக அக்கா முன்னால் வந்து நின்றார்.

"நான் படுக்கறன். நீ ஏறுக்கா."

சொல்லிவிட்டு மண்ணில் விழுந்தார்.

"ஹெங்கஸு ஹத்துத்தாளா?" என்று எனக்குப் பக்கத்தில் ஒரு கன்னடத்து அம்மா கேட்டார். பொம்பளையா ஏறப் போகிறாள் என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், தன் மருமகளைக் கூட்டிப் போய் முனியம்மா பக்கத்தில் படுக்கவைத்தார். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. மாமியார் பிடித்த கையை உதறிவிட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியில் படுக்க இடம் போதவில்லை.

அக்கா ஏறினார். ஒவ்வொரு படிக்கும் பாட்டு. ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. மேலே போகப் போகக் குரல் திறந்துகொண்டே போனது. பரண் மேல் நிமிர்ந்து நின்று எட்டுத் திக்கும் கும்பிட்டபோது மைதானமே விசிலடித்தது. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். எனக்கே என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. கீழே பெண்கள் எழுந்து முந்தானையை ஏந்தினார்கள். அக்கா முதல் பழத்தை முனியம்மாவைப் பார்த்துப் போட்டார். அவர் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்த்துச் செய்தார். தர்மகர்த்தாவும் மேல்துண்டை விரித்துப் பிடித்திருந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். எதற்கு விரித்தார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

முனியம்மாவுக்குக் குழந்தை பிறந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிறக்கவில்லை. இரண்டு மனைவியருக்கும் பிறக்கவில்லை என்றால் காரணம் எங்கே என்று நினைவு மலரில் எழுதுவது மரியாதை இல்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் முனியம்மா ஒரு பையோடு வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். "உள்ள வா, சோறு ஆறுது" என்றாராம் அக்கா. அதற்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில், ஒரே ரோஜாப் பண்ணையில். வேடம் கட்டுவது அக்கா, ஜடை முடிவது முனியம்மா.

உடம்பு முடியாமல் போகிறவரை அக்கா அந்த மரத்தில் ஏறாத வருடம் இல்லை. தருமபுரி, சேலம் பக்கமெல்லாம் அழைத்தார்கள். மாவட்டத்தில் பொன்னாடை போர்த்திக் கலைஞர் விருது கொடுத்தார்கள். அன்று மேடையில் "மகளிருக்கு ஒரு முன்னுதாரணம்" என்று ஒருவர் நீளமாகப் பேசப் பேச, அக்கா என் காதில், "இவருக்கு மரம் ஏறத் தெரியுமா கேளு" என்றார். பொன்னாடை போர்த்திய அக்கா பக்கத்தில் நான் சிரித்தது போட்டோவில் விழுந்திருக்கிறது. அதுதான் இந்த மலரின் அட்டைப்படம்.

மார்பில் நோய் என்று தெரிந்தபோதும் அவர் ஒடுங்கவில்லை. பெங்களூரில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு அர்ச்சுனன் பாட்டைப் பாடிக் காட்டினார். தெலுங்கு பேசும் நர்ஸம்மாக்கள் கட்டிலைச் சுற்றி நின்று கேட்டார்கள். முனியம்மா இரவும் பகலும் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரு காலையில், முனியம்மா கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். எனக்கு இன்னும் அந்தக் குரல் வீட்டுக்குள் கேட்கிறது. கேட்கட்டும்.

மருந்துக்கும் துணைக்கும் ஓடிய எங்கள் மத்திகிரி அக்கம்பக்கத்தாருக்கும், வண்டி நிறைய ரோஜா அனுப்பிய பண்ணைத் தோழிகளுக்கும், சுடுகாடு வரை மத்தளம் வாசித்து வந்த வாத்தியாருக்கும் எங்கள் நன்றி. முனியம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அவரும் எனக்கு அக்காதான்.

முடிப்பதற்கு முன் ஒன்று. போன வாரம் தர்மகர்த்தா போன் செய்தார். வயதாகிவிட்டாலும் அதட்டல் குறையவில்லை.

"ஏம்மா, தபசுக்கு நோட்டீஸ் அடிக்கணும். இந்த வருசம் எந்தப் பொண்ணு ஏறுது?"

குழுவில் அக்கா பழக்கிவிட்டுப் போன மூன்று பெண்கள் எனக்கு உனக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "ஆம்பளப் பசங்க ரெண்டு பேரு வந்து கேக்கறாங்க. அவங்களுக்கும் ஒரு வருசம் உட்டுக் குடுங்களேம்மா" என்றார்.

"பொண்ணுங்களக் கேட்டுச் சொல்றண்ணா" என்று சொல்லியிருக்கிறேன்.