சோபனாவுக்கு முதலில் விவரம் வேண்டும்

“பெட்டியைப் பிரிக்காதீங்கக்கா. மொதல்ல டீடெயில் சொல்லுங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் சோபனா செருப்பைக் கழற்றுவாள். யூசர் நேம் இன்னா, பாஸ்வேர்டு இன்னா, கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு, குடுத்த போன் நம்பர் எது. நான்கையும் புது ரவுட்டரின் அட்டைப்பெட்டி மேலேயே எழுதிக்கொள்வாள். ஒன்று குறைந்தாலும் பிளக்கைத் தொடமாட்டாள். வீடுகளுக்கு இன்டர்நெட் போட்டுத்தரும் தொழிலுக்கு வந்த புதிதில், விவரம் கேட்காமல் ஒரு வீட்டுப் பழைய ரவுட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாளாம். “ரெண்டு நாளு நெட் இல்ல. பேஜாராப் பூட்ச்சு.”

அதற்கு முன் ஒன்பது வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. “மணிக்கு இத்தினி ஜோடின்னு வெரட்டுவாங்க. வேலைய வுட்டாலும் ஒடம்பு வுடல.” உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். டீயை நின்றபடியே, நாக்கு சுடச் சுடக் குடித்துவிடுவாள். கஸ்டமர் கேர் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டால், அது முடிவதற்குள் கூடத்தை இருபது முறை அளந்துவிட்டு, கண்ணில் பட்ட ஒயரையெல்லாம் சுருட்டிக் கட்டியிருப்பாள். ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் வீட்டுக்குள் வரக்கூடிய ஆள் என்பதால் எங்கள் தெருக்களில் அவளுக்கு அழைப்பு ஜாஸ்தி.

நான் மாடியில் குடியிருப்பவள். கீழ்வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டது நான்தான். அந்த வீட்டு ரஷீத் அஹமது, தோல் தரம் பிரிப்பவர், இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். அந்த மாதங்களில் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். முந்தின இரவு இடியில் ரவுட்டர் கருகிவிட்டது. மகளுக்கோ பன்னிரண்டு மணிக்கு பெங்களூர் கம்பெனி ஒன்றின் வீடியோ இன்டர்வியூ. செல்போன் சிக்னல் ஜன்னலோரம் மட்டும் ஒரு கோடு வரும். சோபனா புது ரவுட்டரோடு வந்து, நானும் அவளோடு கீழே இறங்கியபோது பத்தே முக்கால்.

“யூசர் நேம் இன்னாக்கா?”

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “அதெல்லாம் அவருக்குத்தாம்மா தெரியும்” என்றார் தாய்.

சோபனா கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஜன்னலோரம் நின்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“ரஷீத் அஹமது சார்கிட்ட பேசணும் மேடம்” என்றது ஒரு பெண் குரல்.

“அவரு இல்லீங்க.”

“எப்ப வருவாங்க?”

அந்த அம்மாள் எழுந்து வந்து போனைக் கையில் வாங்கினார். “வரமாட்டாரும்மா.”

மறுமுனைக் குரல் தாழ்ந்து, பதிவான நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் பாஸ்வேர்டை மாற்றித் தரலாம் என்றது.

அந்தப் போன் பீரோவுக்குள், அவருடைய சட்டைகளுக்கு நடுவே அணைந்து கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் “சீக்கிரம் சீக்கிரம்” என்கிறவள், மணி பதினொன்றே கால் ஆகியும் வாயே திறக்கவில்லை. கட்டை விரல் நகத்தைக் கடித்தபடி நின்றாள். கடைசியில் அம்மாளே போய் பீரோவைத் திறந்தார்.

இருந்த ஒரே சார்ஜரில் செருகி, திரையில் வெளிச்சம் வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சோபனா கருகிய ஒயர் முனையை வெட்டி, மேசையைத் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தாள். திரையைத் திறக்கும் பேட்டர்ன் கோட்டை அம்மாள் சுவரைப் பார்த்தபடியே விரலால் இழுத்தார். பழகிய விரல், தவறவில்லை.

சோபனா திரும்ப அழைத்தாள். இந்த முறை வேறு ஆள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கேள்வி வருவதற்கு முன்பே, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: “அவரு தவறிட்டாருங்க. வூட்ல கேக்காதீங்க, எங்கிட்டயே கேளுங்க.”

பிறகு ரஷீத் அஹமதுவின் போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். “வா, வா” என்று முணுமுணுத்தாள். ஆறு எண்கள் வந்தன. ஒவ்வொன்றாக வாசித்தாள்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது புது ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. “வைஃபைக்குப் பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே வெச்சிடறேன். இல்லன்னா எல்லா போன்லயும் மறுபடி போடணும்” என்றாள். மகள் சொல்லச் சொல்லச் சோபனா தட்டினாள். மகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் அவளுடைய இங்கிலீஷ் கேட்டது. முதலில் தடுமாறி, பிறகு தெளிந்து.

சோபனா தன் போனை அந்த ஒரே சார்ஜரில் போட்டுவிட்டுப் பையைக் கட்டினாள். அப்போதுதான் மேசைமேல் இருந்த ரஷீத் அஹமதுவின் போனும் தானாக வைஃபையைப் பிடித்துக்கொண்டது. தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டியிலிருந்து யாரோ எழுதியிருந்தார்: “பாய், லாட் ரெடி. எப்ப வர்றீங்க?” அம்மாள் கிட்டே வந்து குனிந்து படித்தார். நிமிரவில்லை. திரையின் மூலையில் நான்கு சதவீதம் என்று சிவப்பாகத் தெரிந்தது.

சோபனாவின் போன் அடித்தது. அடுத்து அவள் போகவேண்டிய இஷ்தியாக் அகமது வீடு. அவள் அதை எடுக்கவில்லை. சார்ஜரிலிருந்து தன் போனைப் பிடுங்கிவிட்டு, அந்த முனையை அவருடைய போனில் செருகினாள்.