யாரும் விட்டுப் போகாத ஆஸ்பத்திரி

நர்ஸுகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் நிர்வாகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போனவள் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. வேலூர்ப் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான். பழக்கிவிட்ட நர்ஸெல்லாம் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்விடுகிறார்கள், அவர்களோடு அவர்கள் அறிந்த வேலையும் போய்விடுகிறது என்பார்கள். அப்போதுதான் ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரி முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே பல வருஷமாக ஒரு நர்ஸ்கூட விட்டுப் போகவில்லையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு என்னைவிட சந்தோஷம்.

ஆஸ்பத்திரிச் செயலாளர் தோல் வியாபாரி, மரியாதை தெரிந்த மனிதர். டீயும் பிஸ்கட்டும் வரவழைத்துவிட்டு, தாராளமாக எல்லா வார்டிலும் உட்கார்ந்து பாருங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வேலை முடிந்து கிளம்பும் முன், கண்டறிந்ததைச் சுருக்கமாக எழுதி அவருக்கு ஒரு பிரதி தர வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று தலையாட்டினேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் பூட்டிய இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கையில் கேள்வித்தாள் இருக்கும்போது ஆராய்ச்சிக்காரிக்குக் கண் எதற்கு!

ஆண்கள் வார்டில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தார். அணைக்கட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கல்யாணமாகாதவர். கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த ஓரளவுக்கும் சுமாருக்கும் இன்னா வித்தியாசம்?" என்று கேட்டார். தோன்றியதைக் குறியுங்கள் சிஸ்டர் என்றேன். எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்று குறித்துக் கொடுத்தார். மற்ற நர்ஸுகளும் அதையே குறித்தார்கள். தாள்கள் ஆபீஸ் வழியாகத்தான் என் கைக்கு வந்தன. நானோ வாயெல்லாம் பல்லாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது அவர் பக்கத்தில் போய் நிற்பேன். டேனரியிலிருந்து வருகிறவர்களின் காயத்தைப் பார்க்கும் முன்பே, எந்தத் தொட்டியில் வேலை என்றுதான் அவர் கேட்பார். சுண்ணாம்புத் தொட்டி என்றால் ஒரு வைத்தியம், குரோம் பீப்பாய் என்றால் வேறு. ஒருநாள் கழிவுத் தொட்டியில் சேறு அள்ள இறங்கி மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்வதற்குள் அவருக்குத் தெளிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து பீடி கேட்டார். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். நர்ஸ் அந்தச் சீட்டை மேஜை டிராயரில் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம், மாத்திரை வரட்டும், கையெழுத்து வரட்டும் என்று ஏதேதோ சொல்லி அவரைப் பிடித்து வைத்தார். பொழுது சாயும் நேரத்தில் அந்த ஆளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நுரை நுரையாகக் கக்கினார். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்கெனவே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். புத்தகத்தில் படிக்கவில்லை, தொட்டி வாயுவை இழுத்தவர்களுக்குத் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மூச்சு அடைக்கும் என்றும், வேலைக்கு வந்த புதிதில் இப்படி எழுந்து நடந்த ஒருவரைத் தானே வாசல்வரை கொண்டுபோய் விட்டதாகவும், மறுநாள் காலையில் அவர் பெண்சாதி வந்து வாசலிலேயே விழுந்து அழுததாகவும் சொன்னார். மற்ற நர்ஸுகளுக்கு இது தெரியுமா என்று விசாரித்தேன். சிலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. டாக்டர்கள் வருஷத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சுருக்க அறிக்கையில் அழகாக எழுதினேன்: டேனரி விபத்துகளைப் பற்றிய இந்த மருத்துவமனையின் அறிவு ஒரே ஒரு செவிலியரிடம் இருக்கிறது, அவர் விலகினால் அதை ஈடுசெய்ய முடியாது. அவருக்குப் பெருமை சேர்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். செயலாளரிடம் பிரதியைக் கொடுத்து, நன்றி சொல்லி, ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த நர்ஸ் குடியாத்தத்துக்கு பஸ் ஏறி எங்கள் வீட்டைத் தேடி வந்தார். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே நின்றபடிதான் அந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேரும்போது நர்ஸுகள் எல்லோரும் அசல் சான்றிதழ்களை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்தபிறகும் அவை திரும்பி வராது. கேட்டால், டிரஸ்ட் கூட்டத்தில் பேசுகிறோம் என்பார்கள். சான்றிதழ் இல்லாமல் எங்கே போவது? யாரும் போகாததன் ரகசியம் அவ்வளவுதான்.

இவருக்கு குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் மெட்ராஸில் அசலைக் காட்ட வேண்டும். கெஞ்சிக் கெஞ்சி, தருகிறேன் என்று செயலாளர் வாயால் சொல்லவும் வைத்துவிட்டாராம். அப்போதுதான் என் அறிக்கை அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. அவர் இவரைக் கூப்பிட்டுப் பாராட்டி, என் வரியைப் படித்துக் காட்டி, நீ போனால் இந்த ஆஸ்பத்திரி நிற்காது என்று படித்தவர்களே எழுதிவிட்டார்கள், இனி நான் எப்படி விடுவது என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க பொய் சொல்ல வேணாம் மேடம்," என்றார் அவர். "மத்தவங்களுக்குக் கத்துக்குடுத்தா சமாளிச்சிக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கத்துக்குடுத்துட்டே போறேன். இத்தினி வருஷத்துல எனக்குன்னு நான் கேட்டது இது ஒண்ணுதான்."

ஒரு வரி. அதுவும் உண்மையான வரி. ஆனால் என் வழிகாட்டி, அந்த அறிக்கையை வைத்து நான் எழுதிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, இதுதான் உன் ஆய்வின் உயிர் என்று எழுதி அனுப்பியிருந்தார். ஈடுசெய்ய முடியாது என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, முடியும் என்று இன்னோரிடத்தில் எழுதினால் நாளைக்கு வாய்மொழித் தேர்வில் என்னைக் கிழித்துவிடுவார்களே என்று பயந்தேன். ஆராய்ச்சியில் அப்படியெல்லாம் மாற்ற முடியாது சிஸ்டர் என்று அவருக்கே பாடம் நடத்தினேன். இன்று நினைத்தால் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருக்கிறது. அவர் மூணு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெடு முடிந்தது. குவைத் வேலை வேறு யாருக்கோ போனது. அவர் அடுத்த மாதமே சான்றிதழ் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியைவிட்டு வெளியேறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குப் பட்டம் கிடைத்தது, கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து என் சித்தி மகளின் பிரசவத்துக்காக வாணியம்பாடியில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்குப் போயிருந்தேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து, நல்லா இருக்கீங்களா மேடம் என்று கேட்டார். அவர்தான். சான்றிதழ் நகலுக்கு விண்ணப்பித்தாராம். கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் கேட்டார்களாம். அவர்கள் கொடுக்கவில்லை. இங்கே ஆயா வேலைதான் கொடுத்தார்கள் என்று அடுத்த வீட்டுக் கதை சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று மதியம் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு டேனரித் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். கழிவுத் தொட்டியில் மயங்கி விழுந்தவர், இப்போது தெளிந்துவிட்டார். இளம் டாக்டர் நாடி பார்த்து, ஒன்றுமில்லை, போகலாம் என்றார். அந்த ஆள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஏன் சிஸ்டர், நீங்கள் சொல்லக்கூடாதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"போன வாட்டி சொன்னேன் மேடம். ஆயா வேலையப் பாருன்னுட்டாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் டாக்டரிடம் போய், கல்லூரியில் வேலை பார்ப்பதையும் செய்த ஆராய்ச்சியையும் சொல்லி, சிஸ்டர் அன்று எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். டாக்டர் எனக்கு நாற்காலி போட்டார். அந்த ஆளை நிறுத்திவைத்தார். இதெல்லாம் தெரிந்தவர் அதோ அந்த அம்மாதான், அவர் படித்த நர்ஸ் என்றும் சொன்னேன். அப்படியா, சர்டிபிகேட் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்.

சாயங்காலம் அந்த ஆளுக்கு மூச்சு இழுத்தது. சிலிண்டர் தயாராக இருந்ததால் பிழைத்தார். நான் கிளம்பும்போது சிஸ்டர் வாசல்வரை வந்தார். "நல்லவேளை மேடம், இன்னிக்கு நீங்க இருந்தீங்க," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து யாரோ ஆயா என்று கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் என் கல்லூரி முகவரிக்கு அந்த டாக்டரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ஆராய்ச்சி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லி, ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் அதைச் சத்தமாகப் படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.