ஒரு தொழிலுக்கு ஒரு மெம்பர்

மைசூர் அக்ரஹாரத்துப் பக்கம் யார் வீட்டு விசேஷமானாலும் காலையில் முதல் ஆளாக உள்ளே போகிறவள் பூங்குழலி. பந்தியில் கடைசி ஆளாக உட்காருகிறவளும் அவள்தான். புருவம் திருத்துவது, முகத்துக்குப் பூச்சு, கல்யாணப் பெண் அலங்காரம் என்று எல்லாம் செய்வாள். ஆனாலும் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது புடவை கட்டிவிடும் வேலை. அவள் வைத்த கொசுவம் முகூர்த்தத்திலிருந்து சாயங்கால ரிசப்ஷன் வரைக்கும் அசையாது. பெண் மூன்று தடவை விழுந்து கும்பிட்டாலும் அசையாது, மாமியார் இறுக்கிக் கட்டிக்கொண்டாலும் அசையாது.

கர்நாடக எல்லையில் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். மகேந்திரனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தபோது அவளுக்கு வாயில் கன்னடமும் கிடையாது, கையில் தொழிலும் கிடையாது. மகேந்திரனுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பார்லரில் தரையில் விழும் மயிரைக் கூட்டச் சேர்ந்தாள். இரண்டே வருஷம். கூட்டுகிறவள் வெட்டுகிறவளானாள், முதலாளியம்மா கல்லாவில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினாள். அதற்கப்புறம் அக்ரஹாரத்தில் ஒற்றை அறை பிடித்து, 'குழலி பியூட்டி பார்லர்' என்று பலகை மாட்டியாயிற்று. இத்தனைக்கும் யாரும் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்டதுதான்.

மைசூரில் தொழில்முறை மகளிர் கிளப் ஒன்று இருக்கிறது. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஓர் ஓட்டல் மாடியில் கூடும். பல் டாக்டர், ஆடிட்டர், வக்கீல், இன்ஜினியர் என்று நாற்பது பேர். வருஷத்துக்கு ஒருமுறை புதுத் தலைவி பதவியேற்கிற அன்று நாற்பது பேரும் ஒரே நிறத்தில் பட்டு உடுத்த வேண்டும். ஊரார் பல்லைப் பிடுங்குகிற கை, ஆறு மாடிக்குக் கம்பி கட்டச் சொல்கிற கை, அந்தக் கைகளுக்கெல்லாம் கொசுவம் மட்டும் ஏனோ படியவே படியாது! பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்பது பேருக்கும் பூங்குழலிதான் கட்டிவிடுகிறாள். கட்டி முடித்ததும் போய்விடவும் முடியாது. எவருக்காவது தலைப்பு நழுவினால் ஓடிப்போய்ச் சரிசெய்ய, வாயில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு ஹாலின் பின்சுவரோரம் நிற்பாள்.

அங்கே நின்று பார்க்கும்போதுதான் அந்த ஆசை வந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் மேசையில் ஒரு சின்ன அட்டை இருக்கும். மேலே பெயர், அதற்குக் கீழே தொழில். அப்படி ஓர் அட்டை தனக்கும் வேண்டும் என்று பூங்குழலி நினைத்தாள். நினைத்தாள் என்ன நினைத்தாள், சோறு இறங்காத அளவுக்கு ஏங்கினாள்.

"உனக்கெதுக்கு புள்ள அந்தப் பெரிய எடத்துச் சகவாசமெல்லாம்?" என்றான் மகேந்திரன்.

"கல்யாண ஊட்டுல என்னைய எப்பிடிக் கூப்புடறாங்க தெரியுமுங்களா? 'பார்லரு வந்தாச்சா'ங்கறாங்க. இத்தன வருசமா அந்த ஊடுகளுக்குள்ள போயி வாரேன், ஒருத்திக்காவது எம்பேரு தெரியுமுங்களா? அங்க உக்காந்தா பேரு மொதல்ல, தொழிலு அதுக்கடுத்தாப்பல. எனக்கு அதுதான் வேணும்."

மகேந்திரனுக்கு அது புரிந்தது. அவனையும் ஃபேக்டரியில் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கிளப்பில் ஒரு விசித்திரமான விதி. ஒரு தொழிலுக்கு ஒரு மெம்பர்தான். ஒரு தொழிலில் ஓர் அம்மாள் உட்கார்ந்துவிட்டால் அவராக எழுந்து போகும்வரை அந்தத் தொழிலில் இன்னொருவர் உள்ளே வர முடியாது. இரண்டாவது பல் டாக்டர் ஒருவர் எட்டு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, குழந்தைகள் பல் வேறு, பெரியவர்கள் பல் வேறு என்று வாதாடி நுழைந்தார். வக்கீல்கள் மூன்று பேர்: சொத்துக்கு ஒருவர், விவாகரத்துக்கு ஒருவர், விபத்துக்கு ஒருவர். நல்லவேளையாக 'அழகுக்கலை' இடம் காலியாக இருந்தது. அதில் இருந்த அம்மாள் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார்.

அந்த வருஷத் தலைவி பல் டாக்டர் லீலா. அவருக்குக் கொசுவம் செருகிக்கொண்டிருக்கும்போது பூங்குழலி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வாயிலிருந்த ஊக்கையெல்லாம் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"மேடம், நானும் மெம்பராகலாமுங்களா?"

லீலா சடாரென்று திரும்பியதில் கொசுவம் அத்தனையும் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தது. "நோடி, இங்க பாருங்க பூங்குழலி, இதை ஏன் இத்தனை வருஷம் கேக்கலே? உங்களை மாதிரி சொந்தக் கால்லே நிக்கறவங்களுக்காகத்தானே இந்தக் கிளப்பே இருக்கு! ரெண்டே கண்டிஷன். சொந்தமா ஒரு கடை நடத்தணும், அதுதான் இருக்கே. அப்புறம் உங்க தொழில்லேயே ஜனங்களுக்கு ஒரு சேவை ப்ராஜெக்ட் செஞ்சு காட்டணும். அவ்வளவுதான்."

பூங்குழலிக்குத் தலைகால் புரியவில்லை. சேவைதானே! நாலு நாள் யோசித்து ஒரு யோசனையோடு போனாள். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிற பெண்களின் வீட்டுக்குப் போய்த் தலை அலசி, சிக்கெடுத்து, நகம் வெட்டிவிடுகிறேன் என்றாள். கிளப்பின் செயலாளர் ஜீவிதா, தொழில் ஆடிட்டிங், பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐடியா ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா போட்டோவுலே எத்தனை பேர் வருவாங்க? ஒரே ஒருத்தர், அதுவும் படுத்துட்டு. ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போகணும். பேனருக்குக் கீழே முப்பது பேராவது நிக்கணும்."

நிற்க முடிந்த முப்பது பேரைத் தேட வேண்டியதாயிற்று. கமிட்டி கூடி, இரண்டு தடவை காபி குடித்து, ஏழைப் பெண்கள் முப்பது பேருக்கு இலவச அழகுக்கலைப் பயிற்சி என்று முடிவு செய்தது. எங்கே நடத்துவது? பூங்குழலி கடையை விட்டுவிட்டுத் தூரமாக அலைய வேண்டாமே என்று எல்லாருக்கும் அவள் மேல் இரக்கம். அதனால் அவள் தெருவைச் சுற்றியே ஆள் எடுத்தார்கள். இவ்வளவு படித்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட இது எங்கே போய் முடியும் என்று தோன்றவில்லை. பூங்குழலிக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் கண்ணுக்கு அட்டை மட்டும்தான் தெரிந்தது.

மகேந்திரனுக்குத் தோன்றியது. "ஏ புள்ள, எல்லாத்தையுஞ் சொல்லிக் குடுத்தறாத. பாதியச் சொல்லு, மீதிய உங்கிட்ட வெச்சுக்க."

"அரைகொறையாக் கத்துக்கிட்டு நாளைக்கு எவளாச்சும் ஒருத்தியோட புருவத்தச் சொரண்டி வெச்சா, யாருகிட்டக் கத்துக்கிட்டேன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? எம்பேருதானுங்க கெடும்!"

தெருக்கோடிச் சத்திரத்துக் கூடத்தில் மூன்று மாசம், தினமும் காலையில் வகுப்பு நடந்தது. ஒளிவுமறைவே கிடையாது. மாவுத்தூள் தொட்டுப் புருவத்துக்கு நூல் பிடிப்பது, கறுத்த முகத்துக்கு வெள்ளைப் பூச்சு அப்பாமல் நிறம் பார்த்துப் பூசுவது, எல்லாம். கடைசியில் தன் கொசுவத்தின் ரகசியத்தையும் போட்டுடைத்தாள். பட்டுப்புடவையை முந்தின நாளே மடிப்பு எடுத்து, கிளிப் குத்தி, மேலே துணி போட்டு இஸ்திரி வைத்து, பெட்டியில் அடக்கி எடுத்துப் போய்விட வேண்டும். மறுநாள் பெண்ணின் இடுப்பில் சுற்றிச் செருக ஏழு நிமிஷம்! தானாகத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு வருஷம் பிடித்தது. முப்பது பேரும் அதை ஒரே காலையில் கற்றுக்கொண்டார்கள்.

அந்த முப்பதில் ஒருத்தி அனுப்ரியா. அப்பாவுக்கு மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிற வேலை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசும்போதே பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். கை அப்படியொரு சூட்டிகை. "அக்கா, இன்னொந்து சல காட்டுங்க, இன்னும் ஒரே ஒரு வாட்டி" என்று விடாமல் கேட்பாள். பூங்குழலியும் சலிக்காமல் காட்டுவாள். தன்னை ஒருத்தி இப்படி வாய் பிளந்து பார்ப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தைப் பொய்யென்று சொல்ல முடியாது.

சான்றிதழ் விழா அமர்க்களமாக நடந்தது. பேனருக்குக் கீழே முப்பது பேரும் நின்றார்கள். கிளப் சார்பில் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு பெட்டி நிறைய சாமான். லீலா மைக்கில் பேசி முடித்துவிட்டு, "சக்கத்தா செஞ்சுட்டீங்க பூங்குழலி! அடுத்த பதவியேற்புக்கு நீங்க நம்ம மெம்பர்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த மாசமே எதிர்ச் சந்தில் ஒரு பலகை ஏறியது. அடுத்த மாசம் கோயிலுக்குப் பின்னால் இரண்டு. தீபாவளிக்குள் அவள் கடையைச் சுற்றி ஒன்பது பார்லர்கள், எல்லாவற்றிலும் அதே நிலைக்கண்ணாடி. எல்லாரும் பாதி விலைக்குச் செய்தார்கள். வாடிக்கைக்காரர்கள் நல்லவர்கள், நன்றி மறக்காதவர்கள். வழியில் பார்த்தால் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "உங்க ஸ்டூடன்ட் கிட்டத்தாங்க செஞ்சுக்கிட்டேன், அப்படியே உங்க கைதான்!" பாராட்டத்தான் சொல்கிறார்கள், சண்டைக்கா போக முடியும்? பூங்குழலி சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கு நங்கென்று வைப்பாள்.

பொங்கலுக்கு அப்புறம் கடையைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கல்யாண வீடுகளில் கூப்பிட்டால் போய்வருவதோடு சரி.

சொல்லி வைத்தாற்போல் அதற்கடுத்த வாரம் மெம்பர்ஷிப் விசாரணைக்கு ஜீவிதா வந்தார். பூங்குழலியின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிற கடை இருந்தது. ஜீவிதா நேர்மையான மனுஷி, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். 'விண்ணப்பதாரரின் தொழிலகம் நடப்பில் இல்லை' என்று எழுதினார்.

"ஏனுங்க மேடம், உங்க ப்ராஜெக்டுனாலதானுங்க கடையே போச்சு!" என்றாள் பூங்குழலி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் புரியுதுங்க. ரொம்பவே கஷ்டமா இருக்கு. ஆனா ஃபாரத்துலே அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார் ஜீவிதா. உண்மையிலேயே அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அழகுக்கலை இடம் காலியாகவா கிடக்கும்? அனுப்ரியா விண்ணப்பம் போட்டாள். தேவராஜ மொஹல்லாவில் கண்ணாடிக் கதவு வைத்த கடை, வேலைக்கு இரண்டு பெண்கள், எல்லாம் நடப்பில் இருந்தது. சேவை ப்ராஜெக்ட்? ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், கையை எப்படிச் சோப்புப் போட்டுக் கழுவுவது என்று நூற்றிருபது பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் காட்டிவிட்டு வந்தாள். போட்டோவில் நூற்றிருபது தலை! அவர்களில் யாரும் கைகழுவுகிற கடை திறந்து உட்காரப் போவதில்லை. சாமர்த்தியக்காரி.

பதவியேற்பு விழாவுக்கு அனுப்ரியாவே வீட்டுக்கு வந்து அழைத்தாள். "பேஜாராகாதீங்க அக்கா. நான் போடலைன்னா இன்னொருத்தி போட்டிருப்பா. நீங்க இல்லைன்னா நான் இல்லை. நீங்க வந்து முன்னாடி உக்காரணும்." சொன்னவள் நடுவாசலில் காலிலும் விழுந்துவிட்டாள். பூங்குழலிக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, தூக்கி நிறுத்தித் தலையைத் தடவலாம் போலவும் இருந்தது. இரண்டாவதைத்தான் செய்தாள், ஆனால் முதலாவதை நினைத்துக்கொண்டே செய்தாள்.

விழாவில் அவளுக்கு மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்தார்கள். 'முப்பது குடும்பங்களில் விளக்கேற்றியவர்' என்று லீலா மைக்கில் சொன்னபோது ஹாலே கைதட்டியது. கீழே முதல் வரிசையில் அனுப்ரியா உட்கார்ந்திருந்தாள், அவள் முன்னால் அட்டை. பெயர், கீழே தொழில். அதைப் பார்த்ததும் பூங்குழலிக்கு வயிறு எரிந்தது. தலைப்பாகை வேறு காதை அழுத்தியது.

காபி நேரத்தில் லீலா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"உங்களுக்காக ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன் பூங்குழலி. நம்ம கிளப்பிலே டெய்லரிங் இடம் காலியா இருக்கு. அடுத்த மாசம் முப்பது பேருக்கு இலவசத் தையல் கிளாஸ் ஆரம்பிக்கறோம். வசதி இல்லாதவங்களுக்குத்தான்... இப்போ உங்களுக்கும் கடை இல்லை, அதனாலே நீங்களும் சேரலாம். கத்துக்கிட்டு ஒரு கடை போடுங்க. அப்புறம் நானே உங்க பேரைச் சொல்லி உள்ளே கொண்டு வர்றேன். ஏற்கெனவே சேவை செஞ்ச ஆளு, இன்னொரு தடவை முப்பது பேருக்குக் கத்துக் கொடுக்கறது உங்களுக்கு ஒரு கஷ்டமா என்ன?"

பூங்குழலி தலைப்பாகையைக் கழற்றிப் பழத்தட்டின் மேல் வைத்தாள். தையல் வகுப்பு ஃபாரத்தை வாங்கி, நின்றபடியே தன் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்து ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கத்துக்கறனுங்க மேடம், தாராளமாக் கத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிப்போட்டேன். ஊசியில நூலு கோக்கறதக்கூட ஒருத்திக்குஞ் சொல்லித் தர மாட்டேன்."

லீலா அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பூங்குழலி சிரிக்கவில்லை.