சோறு உடையாத கார்

ஆம்பூரில் பிரியாணி செய்யத் தெரியாதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லை பொய் சொல்கிறவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலேயே எங்கள் சந்து நசீமுன்னிசாவின் பிரியாணிக்குத் தனிப் பேர். அவள் தம் உடைத்து மூடியைத் திறக்கிற நேரத்தில் இங்கே ரயில்கள் சிவப்பு சிக்னல் இல்லாமலே நின்றுவிடுகின்றன. உங்கள் ஊரில் வண்டிகளுக்கு அப்படி என்ன வேலை என்று ஜோலார்பேட்டையிலிருந்து கேட்டுப் போன் வந்ததாம். நம்பாவிட்டால் போங்கள். நான் அடுத்த வீடு, எனக்குத் தெரியாதா?

நசீமுன்னிசா வீட்டிலேயே சமைத்து ஆர்டருக்குக் கொடுப்பவள். சத்துவாச்சாரியில் ஓர் அலுவலகத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் எல்லோருக்கும் அவளுடைய சாப்பாடுதான். அந்த ஆர்டருக்குத்தான் இப்போது ஆபத்து. சாப்பாடு லோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோ குதிக்க, உள்ளே தேக்சா என்கிற பிரியாணி அண்டாவும் குதிக்க, அடியிலிருந்த மசாலா மேலே வந்து, மேலிருந்த சீரக சம்பா நொய்யாகி, அங்கே மூடியைத் திறந்தால் பொங்கல் மாதிரி இருந்தது. ஒருமுறை பொறுத்தார்கள். இரண்டாம் முறை, சாப்பாட்டுக்குப் பொறுப்பான பிரிசில்லா போன் செய்தாள்.

"அக்கா, ருசி குறை சொல்ல முடியாது. ஆனா இது இன்னா பதார்த்தம்னு மேனேஜர் கேக்கறாரு. அடுத்த வாட்டியும் இப்படியே வந்தா வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாரு."

போனை வைத்த நசீமுன்னிசா புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "ஏங்க, கார் வாங்கறோம்."

ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. லைசென்ஸ் அவளிடம் இருந்தது. எட்டுப் போடச் சொன்ன அதிகாரிக்கு ஒன்பதும் போட்டுக் காட்டி வாங்கி வந்த லைசென்ஸ். அவள் புருஷன் அப்துல் வஹீத் பாய்க்கு சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்ட வராது.

வஹீத் பாய் தோல் ஃபேக்டரியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். கையில் எது கிடைத்தாலும் மடக்கிப் பார்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று பெண்ணை விட்டுவிட்டு வாசல் திரைச்சீலையை மடக்கிப் பார்த்தவர் என்று நசீமுன்னிசா இன்றும் சொல்லிக் காட்டுவாள். கார் என்றதும் அவருக்கு ஓர் ஆசைதான் முளைத்தது. முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு பஜார் வழியாகப் போக வேண்டும். அதற்கேற்ற கார் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதும் அவர் முடிவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷோரூமிலிருந்து புகழேந்தி என்ற தம்பி, துணைக்கு ஒரு டிரைவரோடு, ஓட்டிப் பார்க்க இரண்டு கார்களைக் கொண்டுவந்தான். ஒன்று சிவப்பு. பெரிய தொடுதிரை, பளபளக்கிற அகலச் சக்கரம், சந்துக்குள் திரும்பும்போது என் வீட்டுச் சுவரை ஒரு தடவு தடவிவிட்டு வந்தது. இன்னொன்று வெள்ளை. கொஞ்சம் உயரம், சின்னச் சக்கரம், திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு ரேடியோ.

வஹீத் பாய் நேராகச் சிவப்புக்குள் ஏறி சீட்டை அழுத்தினார், மோந்தார்.

"தம்பி, லெதர் சீட்டுன்னீங்க. இது ரெக்சின்."

"பாய், லெதர் மாதிரின்னு சொன்னேன்."

"மாதிரிக்கு இன்னா, என் முகம்கூட ராஜா மாதிரிதான் இருக்கு," என்றார். ஆனாலும் இறங்கவில்லை.

புகழேந்தி மைலேஜ் சொன்னான், ஏர்பேக் சொன்னான், சர்வீஸ் சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நசீமுன்னிசா கடைசியில் டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.

"ரெண்டுமே எறநூத்தி அறுபது லிட்டர் கிட்ட வரும், மேடம்."

"லிட்டர் கணக்கு பாலுக்கு, தம்பி. எவ்ளோ அரிசி போட்ட தேக்சா போகும்?"

அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. "எல்லாமே போகும் மேடம்," என்றான், விற்கிறவர்களுக்கே உரிய தைரியத்தோடு.

அப்போதுதான் அவள் உள்ளே போய், ஒரே அடுப்பில் ஒரே பக்குவத்தில் இறக்கிய இரண்டு சின்ன தேக்சாக்களைக் கொண்டுவந்தாள். கார் ஒன்றுக்கு ஒன்று. துணியைச் சுருட்டிப் பிரிமணையாக்கி அதன்மேல் வைத்தாள். என்னையும் கூப்பிட்டாள். "டீச்சர், நீங்க சாட்சி. பின்னாடி உக்காந்துக்கோங்க."

ஒவ்வொரு காரையும் அவளே ஓட்டினாள். ரயில்வே கேட், பஜார், பாலத்தடியில் இருக்கிற அந்தப் பள்ளம், ஹைவே, திரும்ப அதே வழி. இரண்டு தடவையும் பாய் முன் சீட்டில், முழங்கை வெளியே. சிவப்புக் காரில் அந்தப் பள்ளத்தில் இறங்கியபோது நான் எழும்பிய உயரத்தில் மலையைத் தாண்டி வேலூர்க் கோட்டை தெரிந்தது. வெள்ளையில் அதே பள்ளம் வந்ததும் போனதும் தெரியவில்லை.

வாசலில் வைத்து இரண்டு மூடியையும் திறந்தாள். ஒரு தட்டைச் செங்குத்தாக ஓரத்தில் இறக்கி வெட்டி எடுத்தாள். சிவப்பில் போனது முழுக்க ஒரே நிறம், பாதி அரிசி நொய். வெள்ளையில் போனது கீழே மசாலா, மேலே வெள்ளைச் சோறு, நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. பருக்கை ஒன்று உடையவில்லை.

புகழேந்தி இரண்டிலும் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டுமே சூப்பரா இருக்கு மேடம்," என்று மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டினான்.

"இதுதான்," என்று வெள்ளைக் காரைத் தட்டினாள் நசீமுன்னிசா.

"நாம கார் வாங்கறோமா, கரண்டி வாங்கறோமா?" என்று கொதித்தார் பாய். "சோத்தப் பாத்து எவனாவது வண்டி எடுப்பானா? ஊரே சிரிக்கும் நசீமா!"

"ஊரு சிரிச்சுட்டுப் போவட்டும். பிரிசில்லா சிரிக்காம இருந்தா போதும்."

வெள்ளை வந்தது. அந்தச் சிவப்புக் காரை அப்புறம் ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும், உள்ளே தங்கிவிட்ட மணத்தை மோந்து, காரோடு பிரியாணியும் தருவீர்களா என்று கேட்டார்களாம். அது வேறு கதை.

முதல் சனிக்கிழமை வந்தது. பெரிய தேக்சாவைப் பாயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து டிக்கி முன்னால் நின்றோம். அது போகவில்லை. நேராக வைத்தால் டிக்கிக் கதவு மூடவில்லை, சாய்க்கவோ முடியாது. அத்தனையும் சோதித்தவள் சின்ன தேக்சாவை வைத்தே சோதித்துவிட்டாள். நசீமுன்னிசா டிக்கிக் கதவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

பாய்க்குச் சொல்லிக்காட்டப் பொன்னான நேரம். சொல்லவில்லை. தோலை அளக்கிற கண்ணால் தேக்சாவைப் பார்த்தார், கார் கதவுகளைப் பார்த்தார், பின் சீட்டை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் முன் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளினார்.

"இங்க வை," என்றார். குரல் கொஞ்சம் கம்மிதான்.

பிரிமணை போட்டு, கோணி சுற்றி, தேக்சாவை முன் சீட்டில் உட்கார வைத்தோம். நசீமுன்னிசா வண்டியைக் கிளப்பியதும் கார் கீய்ங் கீய்ங் என்று கத்த ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர் பெல்ட் போடவில்லையாம்! பாய் குனிந்து தேக்சாவுக்கு பெல்ட் மாட்டிவிட்டார். கார் வாயை மூடியது. அவர் பின் சீட்டில், கத்தரிக்காய்ப் பாத்திரத்துக்கும் தயிர்ப் பச்சடி வாளிக்கும் நடுவில், இரண்டையும் அணைத்துப் பிடித்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த ஓரத்தில் நான். பஜாரில் எல்லோரும் பார்த்தார்கள். பாய் பார்க்கவில்லை.

சத்துவாச்சாரியில் பிரிசில்லா தட்டோடு காத்திருந்தாள். மேனேஜரும் அவள் பக்கத்தில் கைகட்டி நின்றார். நசீமுன்னிசா மூடியைத் திறந்து, ஓரத்தில் தட்டை இறக்கி வெட்டினாள். கீழே மசாலா, மேலே சோறு, நடுவில் கோடு. ஆவி மேனேஜரின் கண்ணாடியை மூடியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் தட்டை நீட்டினார்.

"அக்கா," என்றாள் பிரிசில்லா, "மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை வர முடியுமா?"

நான் இதைச் சொல்வதற்காக ஓடி வெளியே வந்தபோது, வாளியை இறக்கிவிட்டுப் பாய் மறுபடி பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் ஆள், ஓட்டி வந்தது வேறொருவர் என்பதைப் பார்த்த வாட்ச்மேன், பெரிய மனுஷர் என்று நினைத்து ஓடிவந்து கதவைத் திறந்து விறைப்பாக சல்யூட் அடித்தார்.

பாய் நிதானமாக இறங்கினார். சட்டைக் கையிலிருந்த பச்சடியைத் துடைத்தார். பதில் சல்யூட் வைத்தார்.

முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. திரும்பும்போதும் அவர் பின்னால்தான் ஏறினார்.